ஒலிபெருக்கியும் பச்சைப்புள்ளியும்

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் இங்கே சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதப் போகிறாய், அதனால் கேட்கவில்லை. தூர்வாரும் கப்பலின் இன்ஜின் அறையில் வெந்துகொண்டிருப்பவன் எவ்வளவு நல்லாயிருப்பான் என்று எனக்குத் தெரியாதா? நேரத்துக்குச் சாப்பிடு.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மூட்டுவலி வந்துவிட்டது. மாடிப்படியை ஒட்டிய சுவர் விரிந்துபோய், பொறியாளர் வந்து தட்டிப் பார்த்து, உள்ளே ஒரு ஆள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பழுது பார்த்து முடிக்கிற வரைக்கும் எல்லா வகுப்பும் அவரவர் வீட்டிலிருந்து போனில்தான். எனக்கு வழக்கம்போல் பத்தாம் வகுப்புக் கணக்கு. வருஷக் கடைசியில் பொதுத்தேர்வு.

முதல் நாள் போனைத் திறந்தால் முப்பது கறுப்புக் கட்டங்கள். பையன்கள் பெண்கள் ஒருத்தரும் முகம் காட்டுவதில்லை. "புரியுதா?" என்று கேட்டால், "புரியுது மிஸ்" என்று எங்கிருந்தோ ஒரு குரல். மற்றவர்கள் இருக்கிறார்களா, தூங்குகிறார்களா, கடவுளுக்கே வெளிச்சம். பதில் வராவிட்டால் என்ன செய்வேன்? குரலை ஏற்றுவேன். இருபது வருஷமாகக் கடைசி பெஞ்சை எழுப்பிய குரல் ஆயிற்றே.

எதிர்வீட்டுக்காரர் நேற்று அத்தானைப் பிடித்து, "சார், வட்டத்தோட பரப்பளவு எனக்கு இப்ப மனப்பாடம். உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றாராம். அத்தானும் தன் பங்குக்கு, "போன்ல எதுக்கு இப்படிக் கத்தற? ஆத்துக்கு அந்தக் கரையிலயா நிக்குதுங்க?" என்றார். "தூரத்துலதானே இருக்காங்க!" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் கத்தத்தான் செய்தேன்.

எங்கள் துணைத் தலைமையாசிரியருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: பச்சைப்புள்ளி. எந்த வகுப்பைத் திறந்தாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். ஒரு வார்த்தை பேசமாட்டார். எட்டிப் பார்ப்பார், குறித்துக்கொள்வார், அடுத்த வகுப்புக்குத் தாவிவிடுவார்.

தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீரில் போய்விடும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூலை 5

அன்பும் பயமும் கலந்த வணக்கங்களுடன் ஒலிபெருக்கி அக்காவுக்கு,

நல்லாத்தான் இருக்கேன். (நீ சொன்னபடி எழுதிவிட்டேன், போதுமா?) அத்தானின் கண்ணாடிக் கடை எப்படிப் போகிறது? அவர் காதுக்கு ஏதாவது மூடி செய்து மாட்டிக்கொண்டாரா?

நீ போனே இல்லாமல் பாடம் நடத்தலாமே. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், முப்பது வீட்டுக்கும் கேட்கும். சின்ன வயதில் நான் விளையாடப் போனால் நீ வாசலில் நின்று ஒரு சத்தம் போடுவாய். நான் மட்டுமா, தெருவில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அவரவர் வீட்டுக்கு ஓடுவார்கள்.

எங்கள் இன்ஜின் அறையில் உன் குரல்கூட எடுபடாது. பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். விரல்களை மடக்கி முட்டியைத் தூக்கினால் "நிறுத்து". உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் "மெதுவா". ஒரு கையை விரித்து அதன் மேல் மற்ற கையின் முட்டியை வைத்தால் "நீ போ, நான் பாத்துக்கறேன்". இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு கப்பலையே ஓட்டுகிறோம். புதிதாக வந்த ஒருத்தன் கரைக்குப் போனபோது கடைக்காரரிடமும் முட்டியைத் தூக்கிக் காட்டி அடி வாங்கப் பார்த்தான்.

கடிதமும் சாமானும் கொண்டுவரும் படகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. அடுத்த மாதம் கரைக்குப் போனால் கூப்பிடுகிறேன். தொண்டையைக் கவனி. உங்கள் இருவர் நலத்துக்கும் என் வேண்டுதல்.

தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே எல்லாரும் சுகம். உன் காதுகள் சுகமா? இன்ஜின் சத்தத்தில் அதை அடகு வைத்துவிடாதே.

உன் கடிதத்தில் இருந்த கைக்கூத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

வகுப்பை அடியோடு மாற்றிவிட்டேன். அத்தான் கடையில் கழற்றிப் போட்டிருந்த வளையும் விளக்கின் தண்டை எடுத்து வந்து, அதில் போனை மாட்டி, மேசையைப் பார்த்துக் கவிழ்த்துக் கட்டிக் கொடுத்தார். இப்போது பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கையையும் காகிதத்தையும் தடிப் பேனாவையும்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு விதி எழுதி அனுப்பினேன்: "முகத்தைக் காட்ட வேண்டாம். போனை டம்ளரில் சாய்த்தோ புத்தகத்தில் அடுக்கியோ உங்கள் கையையும் நோட்டையும் காட்டுங்கள்."

நம்பமாட்டாய், அத்தனை கறுப்புக் கட்டங்களும் திறந்துகொண்டன! தலை சீவவில்லை, பின்னால் துணி காய்கிறது, அப்பா பனியனோடு நடக்கிறார், இதற்கெல்லாம் வெட்கப்பட்டுத்தான் மூடி வைத்திருந்திருக்கிறார்கள். கைக்கு என்ன வெட்கம்? இப்போது முப்பது ஜோடிக் கைகளும் எனக்கு அத்துப்படி. நகம் கடிக்கிறவன், மைக்கறை, பூனைக்காரி (கணக்குக்கு நடுவில் ஒரு வால் வந்து போகும்) என்று கையைப் பார்த்தே கூப்பிடுகிறேன். யார் எந்த வரியில் தயங்குகிறார்கள் என்று பேனா நிற்கிற இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. வகுப்பறையில் ஒரே நேரத்தில் முப்பது நோட்டுக்குள் என்னால் எட்டிப் பார்க்க முடிந்ததா?

உன் மூன்று கைக்குறிகளையும் எடுத்துக்கொண்டேன். வாடகை கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் ஒரு வரி எழுத வேண்டுமாம்.

அக்கா

மாப்பிள்ளை, சௌக்கியமா? உன் அக்கா நலமாக இருக்கிறாள். வீடுதான் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கூட விசாரித்தார். - அத்தான்


ஆகஸ்ட் 27

ஒலிபெருக்கி அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

கரைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைக் கூப்பிட்டேன். அத்தான் எடுத்து, "வகுப்புல இருக்கா மாப்ளே" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு? சாயங்காலம் கூப்பிட்டேன், "குளிக்கப் போயிருக்கா." ராத்திரி கூப்பிட்டேன், "தூங்கிட்டா." நீ தூங்கினால் குறட்டை பக்கத்து அறைக்குக் கேட்கும். அன்றைக்கு அதுவும் கேட்கவில்லை.

அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. ஒவ்வொரு பொய்க்கும் முன்னால் ஒரு தடவை செருமுவார். அன்றைக்கு அந்த மனுஷர் செருமிச் செருமியே இளைத்துப்போயிருப்பார்.

என் மேல் ஏதாவது கோபமா? எழுதுவதற்கு மட்டும் கை நீளுகிறது, பேசுவதற்கு வாய் வரவில்லையா? கைகளைப் பற்றி நீ எழுதியதை எங்கள் கப்பல் சமையல்காரரிடம் படித்துக் காட்டினேன், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தக் கடிதத்தில் நீ ஒரு இடத்தில்கூடக் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

உடனே பதில் போடு. இருவரும் நலமாக இருங்கள்.

தம்பி


செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, உன் மேல் கோபப்பட்டு எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? போனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வகுப்பைக் கேள்.

"புரியுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதைப் போல உதவாத கேள்வி உலகத்தில் இல்லை. அதற்குப் பதிலாக இப்போது தப்புப் போடுகிறேன். கழித்தல் எண்ணைச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுத்த வரிக்குப் போவேன். கவனிக்கிற பிள்ளை முட்டியைத் தூக்க வேண்டும். நிறுத்து! முதல் நாள் ஒரு முட்டிதான் எழுந்தது. இப்போது பேனா அந்த இடத்துக்கு வருவதற்குள் அடிதடி மாதிரி முப்பது முட்டி எழுகிறது. ஆசிரியையின் தப்பைப் பிடிப்பதில் இருக்கிற சந்தோஷம் வேறு எதில் கிடைக்கும்?

முதலில் எழுந்த முட்டி யாருடையது தெரியுமா? பட்டறைக்காரியுடையது. அவள் அப்பா வீட்டிலேயே தகரப் பட்டறை வைத்திருக்கிறார். பகல் முழுக்கத் தட்டும் சத்தம். மைக்கைத் திறந்தால் மொத்த வகுப்பும் காதைப் பொத்தும், அதனால் அவள் வாயே திறந்ததில்லை. மந்தம் என்று நான்கூட நினைத்திருந்தேன். இப்போது அவள்தான் வகுப்புக்கு மாலுமி. என் கை வேகமாகப் போனால் உள்ளங்கையைக் கவிழ்த்து "மெதுவா" என்று என்னையே அடக்குகிறாள்.

நான்கு நான்கு பேராகப் பிரித்துவிட்டேன். ஒருத்தர் தப்புக் கணக்கு தயார் செய்து மற்ற மூவருக்கும் அனுப்ப வேண்டும். தப்பை ஒளித்து வைக்கப் போய்ப் பாடத்தைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள், கழுதைகள்!

நேற்று பச்சைப்புள்ளி வந்தார். சரியாக நான் தப்புப் போடுகிற நேரத்துக்கு வந்து, முட்டிகள் எழுவதற்குள் தாவிப் போய்விட்டார். என்ன குறித்துக்கொண்டாரோ, தெரியவில்லை.

சமையல்காரருக்கு என் வணக்கம். நீ நன்றாகத் தூங்கு.

அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

கரைக்குப் போனேன். அத்தானைக் கடை போனில் பிடித்தேன். "செருமாம சொல்லுங்க அத்தான், இல்லன்னா இப்பவே கிளம்பி வரேன்" என்றேன். அந்த மனுஷர் அழுதுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

குரல் நாணில் கட்டி. கத்திக் கத்தி வந்தது. ஜூலையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குரல் திரும்பினாலும் பழைய குரல் திரும்பாது. இதை எல்லாம் மறைத்துக்கொண்டு எனக்குப் பூனை வாலைப் பற்றி எழுதியிருக்கிறாய்!

நான் அந்நியனா? "ஒலிபெருக்கி, ஒலிபெருக்கி" என்று ஒவ்வொரு கடிதத்திலும் உளறிக்கொண்டிருந்தேனே, ஒரு வரி, "நிறுத்துடா" என்று எழுதியிருக்கக் கூடாதா? அந்தப் பேரை இனி என் வாயால் சொல்லமாட்டேன்.

வேலையை விட்டுவிடு. நான் சம்பாதிப்பது போதும். தொண்டையைக் கொடுத்தாயிற்று, இன்னும் எதைக் கொடுக்கப் போகிறாய்? அந்தப் பச்சைப்புள்ளிக்கு இது தெரியுமா? தெரிந்தால் அவரே அனுப்பிவிடுவார். அதற்கு முன் நீயே மரியாதையாக வெளியே வந்துவிடு.

தம்பி


அக்டோபர் 15

தம்பிக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் சொல்கிறேன்: நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், திட்டு வாங்கத் தெம்பு வேண்டுமல்லவா?

ஆமாம், மறைத்தேன். ஏன் என்று கேட்கிறாயா? இதோ, இப்போது நீ எழுதியிருக்கிற கடிதம் வந்துவிடும் என்றுதான். "வேலையை விட்டுவிடு." மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருட்டுக் கிணறு மாதிரி ஒரு பயம். "பேசாதீர்கள்" என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அன்றைக்கு யாராவது ஒருத்தர் "விட்டுடு" என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அத்தான் சொல்லவில்லை. அவர் விளக்குத் தண்டைத் தேடப் போனார். நீ எழுதிய அந்த மூன்று கைக்குறிகளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் படித்தேன். உனக்குத் தெரியாமலே நீ கை கொடுத்தாய். இப்போது தெரிந்தே அந்தக் கையைத் தட்டிவிடுகிறாய்.

தொண்டையைக் கொடுத்துவிட்டேனாம். யாருக்குக் கொடுத்தேன்? முப்பது கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக் கத்தினால் பாடம் போய்ச் சேரும் என்று நினைத்த முட்டாள்தனத்துக்குக் கொடுத்தேன். அது போனது போகட்டும். அந்தக் கத்தல் கற்றுக் கொடுக்காததை இந்த மௌனம் கற்றுக் கொடுக்கிறது. சொல்லப் போனால் நான் இப்போதுதான் நல்ல ஆசிரியை.

நீ சொன்னதில் ஒன்று பலித்துவிட்டது. பச்சைப்புள்ளி அறிக்கை கொடுத்திருக்கிறார். மூன்று குற்றம்: மாணவர் முகம் தெரிவதில்லை, ஆசிரியை பேசுவதில்லை, ஆசிரியைக்குக் கணக்கே சரியாக வரவில்லை, சமன்பாட்டைத் தப்பாகப் போடுகிறார்! மூன்றாவதைப் படித்துவிட்டுச் சத்தம் வராமல் எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று அத்தானைக் கேள். பள்ளியிலிருந்து விளக்கம் கேட்டார்கள். மருத்துவச் சான்றிதழை அனுப்பினேன். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு, நீங்க ஓய்வெடுங்க" என்று பதில். வரும் திங்கட்கிழமையிலிருந்து என் வகுப்புக்கு ஒரு நிறுவனத்தின் பதிவு செய்த வீடியோ. நான் வருகையை மட்டும் டிக் அடிக்க வேண்டுமாம்.

பொதுத்தேர்வுக்கு இன்னும் சில மாதம்தான். இந்தப் பிள்ளைகளை நான் விடமாட்டேன். பச்சைப்புள்ளி சொன்னாலும் விடமாட்டேன், நீ சொன்னாலும் விடமாட்டேன். கடைசி வகுப்பில் விஷயத்தை எழுதிக் காட்டினேன். பிறகு பட்டறைக்காரி ஒரு உள்ளங்கையை விரித்து அதன் மேல் முட்டியை வைத்தாள். அடுத்தது நகம் கடிக்கிறவன். அப்புறம் எல்லாரும். நீ போ, நான் பாத்துக்கறேன். போனை அணைத்துவிட்டு நன்றாக அழுதேன். அழுகைக்குச் சத்தம் வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேல் "விட்டுடு" என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை இனி அத்தானிடம் தனியாகவும் கேட்டுக்கொள்வேன், உன்னை நம்பமாட்டேன்.

உன் கடிதம் வந்த படகிலேயே பதில் போட்டிருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்டிருந்தேன், அது உனக்குப் பிடிக்காது. இன்னொன்றில் மறுபடியும் புத்தி சொல்லியிருந்தேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

அதனால் ஒரே ஒரு விஷயம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அழுத்தம் ஏறுவதைக் கவனித்து நான் முட்டியைத் தூக்கினேன். எனக்கு மேலே இருந்தவர், இந்தச் சின்னப் பயல் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை, இன்ஜினை நிறுத்திவிட்டார். யார் முட்டியைத் தூக்கினாலும் நிறுத்த வேண்டும், கேள்வி பிறகுதான். அதுதான் எங்கள் விதி. உன் வகுப்பிலும் அதே விதிதான் என்று உன் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அந்த வீடியோவுக்கு அந்த விதி தெரியுமா?

நிறுத்தாதே அக்கா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அத்தானுக்கு என் அன்பு. வெந்நீர் குடி.

தம்பி


நவம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உட்கார்ந்துகொண்டு படி, கடிதம் பெரிது.

உன் கேள்விக்குப் பதில்: அந்த வீடியோவுக்கு விதி தெரியாது. வீடியோவில் கோட்டுப் போட்ட ஒருத்தர் சிரித்துக்கொண்டே பாடம் நடத்தினார். நல்லவர்தான், கணக்கும் தெரிந்தவர்தான். ஆனால் மூன்றாவது நிமிஷத்தில் ஒரு படியைத் தாவினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பட்டறைக்காரி முட்டியைத் தூக்கினாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். இன்னொரு முட்டி. அவர் போய்க்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முப்பது கட்டத்திலும் முட்டி, தம்பி! யாரும் இறக்கவில்லை. பாடம் முடிகிற வரைக்கும் தூக்கின முட்டி தூக்கினபடி, கை வலித்தால் அடுத்த கையை மாற்றிக்கொண்டு. ஒரு சத்தம் கிடையாது. மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. இதில் நான் ஒரு வார்த்தை தூண்டிவிடவில்லை, தூண்டிவிட எனக்கு வாயும் இல்லை.

பச்சைப்புள்ளி அதைப் பார்த்துப் பயந்து, பள்ளி நிர்வாகி அம்மாவைக் கூப்பிட்டு, ஒழுங்கு நடவடிக்கை என்று திரைவழிக் கூட்டம் போட்டார். அத்தனை ஆசிரியர்களும் இருந்தார்கள். எனக்குக் குரல் இல்லை என்பதை எல்லார் முன்னாலும் அவர் சொல்லப் போகிறார் என்று தெரியும். நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு முகத்தையும் காட்டினேன்.

மனுஷர் பேச ஆரம்பித்தார். கையை ஆட்டுகிறார், காகிதத்தைத் தூக்கிக் காட்டுகிறார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டுகிறார். ஒரு சத்தமும் வரவில்லை. மைக்கைத் திறக்காமலே பேசிக்கொண்டிருக்கிறார்! சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் மும்முரமாகத் தலையாட்டுகிறார். நிர்வாகி அம்மா தன் போனில்தான் கோளாறு என்று காதில் வைத்துத் தட்டிப் பார்க்கிறார். பிள்ளைகளை அதட்டி வளர்த்த நாங்கள் அத்தனை பேரும் அப்போது "புரியுது மிஸ்" சொல்லும் கறுப்புக் கட்டங்கள்தான்.

நான் முட்டியைத் தூக்கினேன். அவர் கவனிக்கவில்லை. தடிப் பேனாவை எடுத்துக் காகிதத்தில் எழுதி முகத்துக்கு நேராகப் பிடித்தேன்:

"சார், உங்க குரல் வரலை. எனக்கும் வரலை. ரெண்டு பேர்ல யார் சொல்றது இங்க எல்லாருக்கும் புரியுது?"

முதலில் சிரித்தது நிர்வாகி அம்மாதான். பிறகு எல்லாரும் வெடித்துவிட்டார்கள். பச்சைப்புள்ளி மைக்கைத் திறந்தபோது முதலில் வந்தது இருமல். அவர் குற்றங்களை மறுபடியும் முதலிலிருந்து படித்தார், ஆனால் காற்றுப் போய்விட்டது. நிர்வாகி அம்மா, "சமன்பாட்டைத் தப்பாப் போட்டீங்களாமே, உண்மையா?" என்று கேட்டார். "உண்மை. நாளை வகுப்புக்கு வந்து பாருங்கள். கடைசிவரை இருங்கள்" என்று எழுதிக் காட்டினேன்.

வந்தார். கடைசிவரை இருந்தார். நான் தப்புப் போட்டேன், முட்டிகள் எழுந்தன. பட்டறைக்காரி சரியான வரியை எழுதி நோட்டைத் தூக்கிக் காட்டினாள், பூனை வால் உள்பட எல்லாம் ஒழுங்காக நடந்தது. முடிவில் நிர்வாகி அம்மா, "தேர்வு வரைக்கும் வகுப்பு உங்களோடது. ஆனா தினமும் ஆரம்பத்துல ஒரு வணக்கமாவது வாயால சொல்லிடுங்க, பெத்தவங்க கேப்பாங்க" என்றார். டாக்டர் இப்போது நாளைக்குச் சில வார்த்தை பேச அனுமதித்திருக்கிறார், சொல்லியிருக்கலாம். ஆனால் இவர்களுக்கு வாடகை கட்டுவது மாதிரி ஒரு வணக்கம் எனக்கு வேண்டாம். "முடியாது" என்று எழுதினேன். அந்த அம்மா "சரி" என்றார்.

அந்தச் சில வார்த்தையை நான் யாருக்குச் செலவழிக்கிறேன் என்று அத்தானைக் கேள். அவர் செருமாமல் சொல்வார். நீ நலமாக இரு.

அக்கா


டிசம்பர் 20

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன்.

உன் கடிதத்தை இன்ஜின் அறையில் படிக்க முடியாது என்பதால் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். பச்சைப்புள்ளி மைக்கைத் திறக்காத இடம் வந்ததும் சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டார். மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். இப்போது இங்கே யார் வளவள என்று பேசினாலும் எதிரே இருப்பவன் காகிதத்தைத் தூக்கிப் பிடிக்கிறான்.

பட்டறைக்காரிக்கு எங்கள் எல்லார் சார்பிலும் ஒரு முட்டி வணக்கம்.

உனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நான் போன் செய்யவில்லை. நீ பேச வேண்டாம். குளிரில் வெளியே போகாதே. கழுத்தில் துணி சுற்றிக்கொள். தேவையில்லாமல் யாருடனும் சண்டை போடாதே. ஓய்வெடுங்கள்.

பணிவுடன்,
தம்பி


பிப்ரவரி 3

டேய்,

சுகம்தான், வேறென்ன. நீ சுகமில்லை போலிருக்கிறது. "மதிப்பிற்குரிய"வா? "பணிவுடன்"னா? "ஓய்வெடுங்கள்" என்று பன்மை வேறு! ஆஸ்பத்திரியில்கூட என்னை யாரும் இப்படி நோயாளி மாதிரி நடத்தவில்லை.

பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். சுவருக்குப் புது சிமெண்ட், எங்கள் அறைக்குப் புது வெள்ளை. முதல் நாள் உள்ளே நுழைந்தபோது முப்பது பேரையும் முகம் பார்த்து அடையாளம் தெரியவில்லை, கையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பட்டறைக்காரி நான் நினைத்ததைவிடக் குட்டை. மைக்கறைப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறது. யாரும் கத்தவில்லை, நானும் கத்தவில்லை. விளக்குத் தண்டை மேசையில் மாட்டி, போனைப் புரொஜெக்டரில் இணைத்து, என் கையைச் சுவரில் பெரிதாக விழவைத்துத்தான் இப்போதும் நடத்துகிறேன். முதல் தப்புக்கு எழுந்த முட்டிகளை இந்தத் தடவை நேரில் பார்த்தேன். தேர்வுக்குப் போகட்டும், எந்தக் கேள்வித்தாளும் இவர்களைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

பச்சைப்புள்ளி நேற்று ஆசிரியர் அறைக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் கட்டிக்கொண்டு பேசும் சின்ன ஒலிபெருக்கி. "உங்களுக்காக நிர்வாகத்துக்கிட்ட சொல்லி வாங்கினேன், டீச்சர்" என்றார். பாவம், நல்ல மனசோடுதான் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு இப்போது குரல் வருகிறது. கரகரவென்று, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி, அதுவும் கொஞ்சம்தான் வரும். தினமும் உன் அத்தானிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்க வைத்திருப்பதில் ஒரு வாய் எடுத்து, எல்லார் முன்னாலும் சொன்னேன்:

"வேண்டாம் சார். எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அந்தப் பேரை இனி சொல்லமாட்டேன் என்று எழுதினாயே, யாரைக் கேட்டு எழுதினாய்? அது நீ எனக்கு வைத்த பேர், நான் இன்னும் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அடுத்த தடவை கரைக்கு வந்ததும் போன் பண்ணு. நானே எடுப்பேன். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பேசுவேன், "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தால் வைத்துவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி